118 மாடி நிழலில் ஒரு திடல்

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் கோலாலம்பூருக்குச் சுற்றுலா போனால் பார்க்கும் இடங்கள் ஏறக்குறைய முடிவானவை. பத்துமலை, இரட்டைக் கோபுரம், விலங்கியல் பூங்கா, நேரம் மிஞ்சினால் டத்தாரான் மெர்டேக்கா. கேமரன் மலையில் கம்போங் ராஜா பக்கம் புறப்பாட நடவடிக்கைகளைக் கவனித்த ஆசிரியன் என்பதால் அந்தப் பட்டியலில் இன்னோர் இடத்தையும் விடாமல் சேர்த்துக்கொண்டு வந்தேன். மெர்டேக்கா அரங்கம். "அங்கே என்ன சார் இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோரும் கேட்பார்கள். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இப்போது அந்தப் பக்கம் பேருந்து திரும்பினால் எல்லார் கண்ணும் மேலேதான் போகும். மெர்டேக்கா 118 கோபுரம் அங்கே நிற்கிறது. 678.9 மீட்டர் உயரம், உலகில் இரண்டாவது உயரமான கட்டடம். அதன் காலடியில் வெள்ளைச் சுவரும் நான்கு விளக்குக் கோபுரங்களுமாக ஒரு தாழ்ந்த வட்டம் தெரியும். அதைப் பார்க்கத்தான் நாம் வந்திருக்கிறோம் என்று நான் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெரியவர்களுக்கே இருக்கும் குழப்பம் இது. 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாவின் கொடி ஏறிய இடம், சிலாங்கூர் கிளப்புக்கு முன்னால் இருந்த பாடாங். வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடிய புல்வெளி. அதுதான் இன்றைய டத்தாரான் மெர்டேக்கா. மறுநாள் காலை, ஆகஸ்ட் 31 அன்று, துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்து, கையை உயர்த்தி ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கியது இந்த அரங்கத்தில். நாம் பள்ளிப் புத்தகத்தில் பார்த்து வளர்ந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இங்கே எடுத்தது. எலிசபெத் ராணியின் சார்பில் குளோஸ்டர் கோமகன் வந்து அதிகாரப் பத்திரத்தை ஒப்படைத்ததும் இங்கேதான். நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான், நாட்டின் முதல் மாமன்னர், மேடையில் அமர்ந்திருந்தார். அன்று காலை மழை பெய்து நிகழ்ச்சி தாமதமானது. ஆனாலும் ஏறத்தாழ 20,000 பேர் கலையாமல் காத்திருந்தார்கள்.

நள்ளிரவில் கொடி ஏறிய பாடாங் ஆங்கிலேயர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட திடல். காலையில் பிரகடனம் வாசித்த அரங்கம் மலாயா தனக்காகக் கட்டிக்கொண்ட திடல். புதிய நாட்டின் முதல் காலை புதிய இடத்தில் விடிய வேண்டும் என்று துங்கு நினைத்தார். அந்த நினைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். பழைய எசமானின் முற்றத்திலேயே எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். செலவும் மிச்சம், அவசரமும் இல்லை. அவர் அப்படிச் செய்யவில்லை.

அவசரம் என்றால் கொஞ்சநஞ்ச அவசரமில்லை. 1956-இன் பிற்பகுதியில் தொடங்கிய வேலை 1957 ஆகஸ்டில் முடிந்தாக வேண்டும். கொரோனேஷன் பார்க் என்று அழைக்கப்பட்ட மேட்டு நிலம் இதற்காகத் தேர்வானது. வடிவமைத்தவர் பொதுப்பணி இலாகாவில் இருந்த ஸ்டான்லி எட்வர்ட் ஜூக்ஸ். ஒரு வருடம்கூடக் கையில் இல்லாதவர், ஊரில் கிடைத்த பொருளையும் ஊரில் இருந்த ஆட்களையும் கொண்டு காரியத்தை முடிக்கும் வழியைத் தேடினார். இரும்பைக் கப்பலில் வரவழைத்துக் காத்திருக்க நேரமில்லை. அதனால் எல்லாம் கான்கிரீட். திடலைச் சுற்றுப்புறத்தைவிடப் பள்ளமாக அமைத்து, சுற்றி மண்ணைச் சரிவாக ஏற்றி, அந்தச் சரிவின் மேலேயே படிப்படியாக இருக்கைகளைப் போட்டார்கள். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது அரங்கம் இவ்வளவு தாழ்வாகத் தெரிகிறது. வாசலில் நுழையும்போது சாலை மட்டத்தில் இருக்கிறோம். நான்கு எட்டு உள்ளே வைத்ததும் புல்தரை கீழே விரிகிறது.

முதல்முறை உள்ளே போகும் பிள்ளைகள் அந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மலைப்பிள்ளைகளுக்கு அது பழகிய காட்சி என்பதும் ஒரு காரணம். எங்கள் தோட்டத்துத் திடலும் அப்படித்தான். மலையில் சமதரை ஏது? தேயிலைச் சரிவின் ஒரு பக்கத்தை மண்வெட்டியால் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி நிரவி, பெரியவர்கள் உருவாக்கிய திடல் அது. மேல்பக்கம் மண்சுவர், கீழ்ப்பக்கம் தேயிலை. பந்தை ஓங்கி உதைத்துவிட்டால் செடி வரிசைகளுக்கு நடுவே உருண்டு போய்விடும். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் அக்காமார் யாராவது எடுத்து வீசினால்தான் ஆட்டம் தொடரும். மாலை நாலு மணிக்கு மேல் மூட்டம் இறங்கினால் எதிர்க் கோல்கம்பம் கண்ணுக்குத் தெரியாது, கோல்காப்பாளர் குரலை வைத்துத்தான் அடிக்க வேண்டும். கட்டின பணத்திலும் பரப்பிலும் இரண்டு திடலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் மண்ணை வெட்டி மண்ணாலேயே மேடை கட்டும் வேலையைத் தோட்டத்துக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த விளக்குக் கோபுரங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இன்றைய அரங்கங்களில் இருப்பதுபோல இரும்புச் சட்டங்களைப் பின்னி எழுப்பியவை அல்ல அவை. வழுவழுப்பான ஒற்றைக் கான்கிரீட் தூண்கள். உள்ளே கம்பியை இறுக்கி இழுத்து, அந்த இறுக்கத்தால் கான்கிரீட்டுக்கு வலுவேற்றும் முறையில் எழுப்பியவை. அந்த வகையில் அந்நாளில் உலகிலேயே உயரமானவை என்று கட்டடக் கலைஞர்கள் சொல்வார்கள். மேற்கூரையும் அப்படியே. மெல்லிய கான்கிரீட் ஓடு, முன்பக்கம் ஒரு தூண்கூட இல்லாமல் வெளியே நீண்டு நிற்கும். ஆட்டத்தைப் பார்க்க வந்தவன் கண்ணைத் தூண் மறைக்கக்கூடாது என்ற கவனம் அதில் இருக்கிறது. சுதந்திரம் கிடைத்த வருடத்தில் இந்த நாட்டுக் கட்டுமானக் கூலிகள் தங்கள் கையால் செய்து காட்டியது இது.

அரங்கத்தைச் சுற்றியுள்ள வட்டாரத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெர்டேக்கா அரங்கம் தனியாக நிற்கும் கட்டடமல்ல. ஒரு பக்கம் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன். 1893-இல் தொடங்கி, 1929-இல் இந்த மேட்டுக்கு வந்த பள்ளி. பின்னாளில் இரட்டைக் கோபுரத் திட்டத்துக்கு மூளையாக இருந்த ஆனந்த கிருஷ்ணன் அங்கே படித்தவர். அவர் கட்டிய இடமும் ஒரு விளையாட்டுத் திடல்தான் என்பதைக் கவனியுங்கள். அம்பாங் சாலையில் நூறாண்டு காலம் குதிரை ஓடிய சிலாங்கூர் டர்ப் கிளப் பந்தயத் திடல் போய்த்தான் கேஎல்சிசி வந்தது. இன்னொரு பக்கம் 1962-இல் திறந்த நெகாரா உள்ளரங்கம். 1992-இல் மலேசியா தாமஸ் கிண்ணத்தை வென்ற இரவு, நாடே கத்திய சத்தம் அந்தக் கூரைக்குள்ளிருந்து கிளம்பியது. சற்றுத் தள்ளி 1895-இல் கட்டிய பூடு சிறை இருந்தது, இப்போது அந்த இடத்தில் பேரங்காடி. இறங்கி நடந்தால் பெட்டாலிங் ஸ்ட்ரீட், அதைத் தாண்டினால் 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது அந்தக் கோயிலிலிருந்துதான்.

நம் ஆட்கள் அடிக்கடி போய்வரும் இன்னோர் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. கம்போங் அத்தாப்பில் விஸ்மா துன் சம்பந்தன். தமிழ்ப் புத்தக வெளியீடு, பாராட்டு விழா, இலக்கியக் கருத்தரங்கு என்று எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு நாம் போகும் டான்ஸ்ரீ சோமா அரங்கம் அங்கேதான். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணம் திரட்டி, தொழிலாளர்களே தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் தலைமையகம் அந்தக் கட்டடம். அங்கிருந்து அரங்கத்துக்கு நடந்தே போகலாம். கூட்டம் தொடங்கக் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நண்பர்களிடம் சொல்வேன்.

அரங்கம் 1957-லேயே விளையாட்டையும் தொடங்கிவிட்டது. மெர்டேக்கா கிண்ணக் காற்பந்துப் போட்டி அந்த ஆண்டே நடந்தது. முதல் கிண்ணம் ஹாங்காங்குக்கு. அடுத்த இரண்டு ஆண்டும் மலாயாவுக்கு. 1959-இல் மலாயா முதலிடம், இந்தியா இரண்டாமிடம். 1964-இல் இந்தியா இறுதியாட்டத்தில் பர்மாவிடம் தோற்றது. தென்கொரியா, ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா என்று ஆசியாவின் பெரிய குழுக்கள் எல்லாம் ஆண்டுதோறும் இங்கே வந்தன. இன்று உலகக் கிண்ணத்தில் முத்திரை பதிக்கும் நாடுகள் அன்று மெர்டேக்காவுக்கு அழைப்பு வந்தால் கௌரவமாக நினைத்த காலம் அது.

1965 டிசம்பரில் தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. மெர்டேக்கா ஓடுபாதையில் எம். ஜெகதீசனும் எம். ராஜமணியும் ஓடி ஓடித் தங்கம் எடுத்தார்கள். மறு ஆண்டு பேங்காக் ஆசியப் போட்டியில் ஜெகதீசன் மூன்று தங்கம் வென்று ஆசியாவின் அதிவேக மனிதர் ஆனார். ராஜமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார், அந்தப் போட்டிகளில் தங்கம் வென்ற முதல் மலேசியப் பெண் அவர். நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருதை 1966-இல் முதன்முதலில் தொடங்கியபோது ஆண், பெண் இரண்டு விருதையும் வாங்கியவர்கள் இவர்கள் இருவரே. ஜெகதீசன் மருத்துவம் படித்தவர். 'பறக்கும் டாக்டர்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை உடைக்க இந்த நாட்டுக்கு 2017 வரை ஆனது. நாற்பத்தொன்பது வருடம்! நான் ஓட்டப்பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும்போது இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி வைப்பேன்.

ஆனால் மெர்டேக்கா அரங்கம் எங்கள் லயத்துக்குள் நேராக நுழைந்த மாதம் என்றால் அது 1975 மார்ச்தான். மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. மலேசியா அரையிறுதிக்கு வந்துவிட்டது. எதிரே இந்தியா.

நான் அப்போது பத்து வயதுப் பையன். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் பெரிய வானொலிப் பெட்டி இருந்தது. அதன் மின்கலங்களை வெயிலில் காயவைத்துக் காயவைத்து உயிர் கொடுப்பார்கள். அன்றைக்கு வாசல் நிறைய ஆட்கள். தாத்தாமார், அப்பாமார், நாங்கள் என்று மூன்று தலைமுறையும் ஒரே பெட்டியைச் சுற்றி. மலேசியா 2–1 என்று முன்னணியில் இருந்தபோது நாங்கள் துள்ளினோம். தாத்தாமார் பேசாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியப் போகிற கடைசி நிமிடங்களில் இந்தியா அஸ்லம் ஷேர் கானை உள்ளே இறக்கியது. கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டு அவர் பெனால்டி கார்னரில் அடித்த பந்து உள்ளே போனது. சமநிலை. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்து இந்தியா 3–2 என்று வென்றது. எதிர்வீட்டுத் தாத்தா எழுந்து தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார். அவர் மகன், எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் தடுப்பாட்டக்காரர், எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பனும் மகனும் அன்று இரவு பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 15 அன்று மெர்டேக்கா அரங்கத்தில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என்று வீழ்த்தியது. வெற்றி கோலை அடித்தவர் தியான் சந்தின் மகன் அசோக் குமார். அந்த இந்தியக் குழுவில் தமிழ்நாட்டுக்காரர் வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். மலேசியக் குழுவில் எம். மகேந்திரன், ஸ்ரீ சண்முகநாதன் முதலிய நம்மவர்கள் இருந்தார்கள். உலக ஹாக்கிக் கிண்ணத்தை இந்தியா வென்றது அந்த ஒரே முறைதான். மலேசியா நான்காவது இடத்தில் முடித்தது. அதற்குமேல் இந்த நாடு இன்றுவரை ஏறவில்லை.

அந்தத் தாத்தா துண்டை உதறியதும் அந்த மகன் கோபித்ததும் வெறும் ஹாக்கி சம்பந்தப்பட்டவை அல்ல என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. 1957-இல் இந்த அரங்கத்தில் சுதந்திரம் பிரகடனமானபோது தோட்டத்தில் இருந்த எத்தனையோ தமிழர்களுக்குக் குடியுரிமைத் தாள் கிடையாது. சிவப்பு அடையாள அட்டைதான். படிக்கத் தெரியாது, பாரத்தை நிரப்பிக் கொடுக்க ஆளில்லை, பிறந்த பத்திரம் இல்லை. 1969-க்குப் பிறகு குடிமகன் அல்லாதவனுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தபோது, நாற்பது ஐம்பது வருடம் இங்கே உழைத்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். எங்கள் மலையிலிருந்தும் குடும்பங்கள் போயின. போகாமல் தங்கியவர்கள் தாத்தாவைப்போல இரண்டு மனத்தோடு இருந்தார்கள். மகனுக்கு அந்த இரண்டாவது மனம் இல்லை. அவனுக்கு மலேசியாதான் எல்லாம், மகேந்திரனும் சண்முகநாதனும் அவன் ஆட்கள். ஒரே அரங்கத்திலிருந்து வந்த ஒரே சத்தத்தைக் கேட்டு அப்பனும் மகனும் இரண்டு நாட்டுக்கு ஏங்கினார்கள்.

அதே ஆண்டு ஜூலை 1 காலை, அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்கு ஏற்ப, அதே அரங்கத்தில் முகமது அலி ஜோ பக்னரோடு பதினைந்து சுற்றுக் குத்துச்சண்டை போட்டுப் புள்ளிக்கணக்கில் வென்றார். அன்று உலகத்தில் அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது. எங்கள் தோட்டத்தில் அவரைப் பற்றிப் பேசாத வீடில்லை. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு எங்கள் மனசு முழுக்க ஹாக்கியிலேயே கிடந்தது.

காற்பந்தில் நம் பெயர்கள் இன்னும் நீளம். என். தனபாலன், வி. கிருஷ்ணசாமி, நாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய எம். சந்திரன். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன குழுவின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் மலாய், சீனப் பெயர்களோடு நம் பெயர்களும் இயல்பாகக் கலந்து நிற்கும். அப்புறம் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள், எங்கிருந்து வந்தாலும் பந்தைப் பற்றிவிடும் கைகள். 'ஸ்பைடர்மேன்' என்று மொத்த நாடும் அழைத்தது. 1980 ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கத்தில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதி ஆட்டம். தென்கொரியாவை மலேசியா 2–1 என்று வென்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் உள்ளே தள்ளினார். பின்னால் கோலில் ஆறுமுகம், தடுப்பில் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்ததால் அந்தக் குழு ஒலிம்பிக்கை மிதிக்கவே இல்லை. 2016-இல் வந்த 'ஓலா போலா' படம் அந்தக் குழுவை வைத்து எடுத்ததுதான். ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். முப்பத்தைந்து வயது. எங்கள் தோட்டத்துக் குழுவில் கோல்காப்பாளர் யாராக இருந்தாலும் சில வருடங்களுக்கு அவன் பெயர் ஆறுமுகம்தான்.

ஆசிரியர் பயிற்சிக்காகக் கோலாலம்பூரில் இருந்த எண்பதுகளில்தான் நான் முதன்முதலாக உள்ளே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். அப்போது கம்போங் ராஜாவிலிருந்து கீழே இறங்க சிம்பாங் பூலாய் சாலை கிடையாது. பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் என்று முழு மலையையும் சுற்றித் தாப்பாவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் புடுராயாவில் போய் இறங்க வேண்டும். புடுராயாவிலிருந்து அரங்கம் நடக்கிற தூரம். வாசலில் ஈப்போ பூந்தோங்கிலிருந்து வந்த தமிழர் ஒருவர் கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டிருந்தார். தாளைக் கூம்பாகச் சுருட்டி, முறுக்குத் துண்டும் கடலையும் பட்டாணியும் கலந்து போட்டுக் கொடுத்தார். கூரை இல்லாத படியில் இடம். ஈரக் கான்கிரீட்டில் பழைய நாளிதழை விரித்து உட்கார்ந்தேன். விளக்கு எரிந்ததும் புல்லின் பச்சை கண்ணைக் கூசவைத்தது. மலையில் பிறந்தவனுக்கு அவ்வளவு பெரிய சமதரையே அதிசயம். அதன் மேல் ஒரு துளி மூட்டம்கூட இல்லாமல் இரவில் இரண்டு கோலும் தெரிகிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், அந்தப் பக்கம் சீனப் பையன்கள். கோல் விழுந்ததும் அந்தப் பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கச்சாங் பூத்தே எல்லாம் கீழே கொட்டிவிட்டது, அவர் தன்னுடையதில் பாதியை என் கையில் கொட்டினார்.

இந்த அரங்கத்தை நாம் இழக்கப் பார்த்தோம் என்பது பலருக்குத் தெரியாது. 1998-இல் காமன்வெல்த் விளையாட்டு கோலாலம்பூருக்கு வந்தது. அதற்காகப் புக்கிட் ஜாலிலில் புதிய தேசிய அரங்கம் கட்ட வேண்டும். கட்டிக்கொடுக்கும் நிறுவனத்துக்கு, அதற்கு ஈடாக, மெர்டேக்கா, நெகாரா அரங்கங்கள் இருந்த நிலம் கை மாறியது. நகரத்தின் நடுவில் இருந்த அந்த மேட்டில் வணிகக் கட்டடங்கள் எழுப்பத் திட்டம். மரபுரிமை ஆர்வலர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஆனால் 1997-இன் பொருளாதார நெருக்கடி வந்து பெரிய பெரிய திட்டங்களையெல்லாம் முடக்கிப்போட்டதில்தான் அரங்கம் தப்பியது என்று நான் நினைக்கிறேன். ஒரு நாடு பிறந்த இடம் ரிங்கிட் சரிந்ததால் பிழைத்தது. அதன்பின் அது பிஎன்பி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. 2003-இல் தேசிய மரபுரிமைச் சின்னமாக அறிவித்தார்கள்.

பிற்காலத்தில் கூட்டத்துக்கு ஏற்பக் கூடுதல் அடுக்குகள் கட்டி 40,000-க்கும் மேற்பட்டோர் உட்காரும்படி பெருக்கியிருந்தார்கள். 2007-இல் சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி அந்த அடுக்குகளையெல்லாம் இடித்துவிட்டு, 1957-இல் எப்படி இருந்ததோ அப்படியே 20,000 பேருக்கான அரங்கமாகத் திருப்பினார்கள். கட்டியதை இடித்து மீட்பது அபூர்வமான வேலை. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருது இதற்குக் கிடைத்தது.

இடித்துச் சுருக்கிய கையோடு, பக்கத்திலேயே 118 மாடிக் கோபுரமும் எழுந்தது. 2010-இல் அந்தத் திட்டத்தை அறிவித்தபோது நாட்டில் கடும் எதிர்ப்பு இருந்தது. பணம் ஒரு காரணம், அரங்கத்தை விழுங்கிவிடுமோ என்ற பயம் இன்னொரு காரணம். கோபுரத்தின் உச்சி 2021-இல் முடிந்து, 2024 ஜனவரியில் திறப்பு விழா கண்டது. அரங்கத்தை அது விழுங்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நிழல் விழுகிறது. கோபுரத்துக்கு 'மெர்டேக்கா' என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் அரங்கத்திலிருந்து எடுத்தது. இனி வரும் பிள்ளைகளிடம் மெர்டேக்கா எங்கே என்று கேட்டால் கோபுரத்தைக் காட்டுவார்கள். எனக்கு உறுத்துவது அதுதான். கோபுரம் பணத்தின் உயரத்தைக் காட்டுகிறது. அதில் ஆட்சேபணை இல்லை, நகரம் வளரட்டும். ஆனால் ஏழு முறை முழங்கிய குரலும், ஜெகதீசனின் ஓட்டமும், ஆறுமுகத்தின் கைகளும், எங்கள் எதிர்வீட்டுத் தாத்தாவின் துண்டும் சம்பந்தப்பட்ட இடம் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

நம் சமூகத்தில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது: தேசியக் காற்பந்துக் குழுவில் நம் பிள்ளைகளைக் காணோம், ஹாக்கியில் காணோம் என்று. உண்மைதான். காரணங்கள் பல. தோட்டங்கள் விற்றுப்போனபோது லயங்களோடு திடல்களும் போயின. அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய பிள்ளைக்குக் காலை நீட்டி உதைக்க இடமில்லை. பயிற்றுநர் இல்லை, பேருந்துக் கட்டணம் இல்லை. எங்கள் மலையில் இன்னும் திடல் இருக்கிறது, மூட்டமும் இருக்கிறது, பந்தை எடுத்து வீசும் அக்காமாரும் இருக்கிறார்கள், இப்போது சிலர் வங்காளதேசத்துப் பையன்கள். எங்கள் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று, நாமும் அங்கே ஆடியிருக்கிறோம் என்ற நினைவு. நான் கேட்டிருக்கிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மெஸ்ஸியைத் தெரிகிறது, ரொனால்டோவைத் தெரிகிறது. ஆறுமுகம் யாரென்று கேட்டால் முருகன் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன், யார் சொல்லிக்கொடுத்தோம்?

ஆகவே தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த கோலாலம்பூர்ப் பயணத்தில் ஒரு மணி நேரத்தை மெர்டேக்கா அரங்கத்துக்கு ஒதுக்குங்கள். உள்ளே போக அனுமதி வேண்டியிருக்கலாம், முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும் ஜாலான் ஹாங் ஜெபாட் பக்கம் நின்று அந்த நான்கு விளக்குத் தூண்களைக் காட்டுங்கள். போவதற்கு முன் வகுப்பில் ஜெகதீசன், ராஜமணி, மகேந்திரன், சண்முகநாதன், சந்திரன், தனபாலன், ஆறுமுகம் என்று பெயர்களை எழுதிப் போட்டு, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பிள்ளையை இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். பழைய ஆட்டக்காரர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் பள்ளிக்கு அழைத்துவந்து உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்களிடம் இருக்கும் பழைய படங்களையும் ஜெர்சிகளையும் வாங்கிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள், அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவை பழைய பேப்பர் கடைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பேருந்துக்கான பணம் திரட்டும்போது இதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். கூடுதலாக ஒரு வெள்ளிகூடச் செலவாகாது.